நடு வட்டத்தில் வைகுண்டராஜ்

கூடைப்பந்தில் டாஸ் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேனிப் பக்கம் ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நடுவர் பந்தை நடு வட்டத்தில் மேலே தூக்கிப் போடுவார், இரண்டு பேர் குதித்துத் தட்டுவார்கள், ஆட்டம் தொடங்கிவிடும். அவ்வளவுதான். நாணயம் சுண்டுவது கிரிக்கெட்காரர்கள் வேலை. அதை எங்கள் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்த புண்ணியவான் நடுவர் வைகுண்டராஜ். எதற்கென்றால், சிறப்பு விருந்தினருக்குக் கையில் ஒரு வேலை கொடுத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கு.

டாஸில் ஜெயித்த கேப்டன், "பந்து எங்களுக்கு சார்" என்பான்.

"பந்து ஜம்ப் பால்லதான் தம்பி" என்பார் வைகுண்டராஜ்.

"அப்ப அந்தப் பக்கக் கூடை எங்களுக்கு."

"பக்கமெல்லாம் முன்னாடியே முடிவாயிருச்சு."

"அப்ப எதுக்கு சார் டாஸு?" என்று பெரியகுளத்தில் ஒருவன் நியாயமாகக் கேட்டுவிட்டான். வைகுண்டராஜ் அவன் தோளில் கைபோட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

என் பெயர் நௌஷாத். உத்தமபாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பந்தயம் இருந்தால் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, சாம்பல் கலர் சட்டையும் கறுப்பு பேண்டும் மாட்டி, விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே ஆட்டம் நடந்தாலும் பெரும்பாலும் அவர் முதல் நடுவர், நான் இரண்டாவது. ஊரில் எங்களை ஜோடி என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடிக்காத ஆளோடு ஏன் போகிறாய் என்று கேட்கலாம். யார் யாரோடு நிற்பது என்று முடிவு பண்ணுவது நான் இல்லை. ஆட்டத்தை எனக்குப் பிடிக்கும், அந்த ஆளைப் பிடிக்காது. ஒன்றுக்காக இன்னொன்றைச் சகித்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுப் பேசுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது பத்துப் பேரும் சேர்ந்து நடுவரைப் பார்த்துக் கத்தினால் சந்தைக்கடை ஆகிவிடும். கேப்டன் மட்டும், பந்து நின்றிருக்கிற நேரத்தில், மரியாதையாக வந்து கேட்கலாம். அதை முன்பே பேசி வைத்துக்கொள்வதற்குத்தான் அந்தக் கூட்டம். எங்கள் பக்கத்து மைதானங்களில் இன்னும் ஒன்றிரண்டு சமாச்சாரம் உண்டு. வேப்பங்கிளை கூடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பந்து அதில் பட்டால் வெளியே போனதாகக் கணக்கா இல்லையா? பாதி ஆட்டத்தில் கரண்ட் போனால் எங்கிருந்து தொடங்குவது? மலையிலிருந்து சாரல் இறங்கித் தரை நனைந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? இவ்வளவுதான் பேச வேண்டும். பிறகு, "ஏதும் கேக்கணுமா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நான் நடத்துகிற கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

வைகுண்டராஜ் நடத்துகிற கூட்டத்துக்கு மைக் வேண்டும். நடு வட்டத்தில் இருக்கிற இரண்டு பேரிடம் பேச மைக் எதற்கு என்று ஒரு கமிட்டியும் அவரைக் கேட்டதில்லை. கேப்டன்கள் இருவரும் கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். அவர் ஒழுக்கத்தில் ஆரம்பிப்பார். அங்கிருந்து செல்போனுக்குப் போவார். செல்போனிலிருந்து பெற்றோரின் கனவுக்கு வருவார். "வெற்றி தோல்வி சகஜம்" என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எனக்குத் தெரிந்து ஒரு ஆட்டத்திலும் அவர் ஜெயித்ததும் இல்லை தோற்றதும் இல்லை. கல்லூரி டீமில் பெஞ்சில் உட்கார்ந்தே பட்டம் வாங்கியவர். அதற்குள் ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக்கி வைத்திருந்த ஆட்டக்காரர்களுக்கு வியர்வை காய்ந்து, கால் விறைத்துப்போகும். பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று பல்லைக் கடிப்பார்கள். அவர் பேசி முடித்ததும் "ஏதும் கேக்கணுமா?" என்ற கேள்வி மட்டும் வராது. கேள்வி என்பது அவருடைய கூட்டத்தில் இல்லாத ஒரு சங்கதி.

ஒருமுறை சின்னமனூரில், அரையிறுதி ஆட்டம். நாட்டுப்பற்றைப் பற்றியெல்லாம் பேசினவர் கிளையைப் பற்றிப் பேச மறந்துவிட்டார். கடைசி நேரத்தில் ஒருவன் எறிந்த பந்து கிளையில் பட்டு, நேராகக் கூடைக்குள் விழுந்தது. உள்ளே போனது செல்லுமா செல்லாதா? இரண்டு கேப்டன்களும் ஓடிவந்தார்கள். வைகுண்டராஜ் என்னைப் பார்த்தார். நான் செல்லாது என்று கையைக் காட்டினேன். பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் சத்தம் பெரிதாக இருந்ததோ அந்தப் பக்கத்துக்குக் கொடுத்தார். தோற்றவர்கள் பஸ் ஏறும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனார்கள். அதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை.

அவர் எப்படி இப்படி ஆனார் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யோசித்தால் பரிதாபம் வரும் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் கூடியது. சொந்த ஊர் மயிலாடும்பாறை. தேனியில் ஒரு ஆபீஸில் கிளார்க். அந்த ஆபீஸுக்கு நான் ஒரு வேலையாகப் போயிருக்கிறேன். அவர் ஒரு வாக்கியம் தொடங்கினால் பக்கத்து மேஜைக்காரர் அதை முடித்துவைப்பார், அல்லது எழுந்து போய்விடுவார். வீட்டிலும் அதே கதை என்று அவரே சொல்லியிருக்கிறார், டி.வி. ரிமோட்கூடக் கைக்கு வராதாம். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் மதுரையிலிருந்து வர வேண்டிய நடுவர் வரவில்லை. பெஞ்சில் சும்மா இருந்த இவரைப் பிடித்து விசிலைக் கொடுத்திருக்கிறார்கள். கேப்டன்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டார். இரண்டு பேரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் வாயைத் திறந்தார், யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. ஊரில் யாரும் காது கொடுக்காத பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து, ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நிற்கிற இரண்டு பிள்ளைகள் தலையில் கொட்டுவதற்கு ஒரு வட்டம் கிடைத்துவிட்டது. அவருக்கு அந்த வட்டம்தான் கூடைப்பந்து. மீதி ஆட்டம் அதற்குப் பிறகு வருகிற தொல்லை.

போன மே மாதம் கம்பத்தில் ஒரு கிளப் பெண்களுக்கான பந்தயம் வைத்தது. இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும். மாநில நடுவர் பட்டியலில் சேர்ப்பதற்கு ஆள் பார்க்க, திண்டுக்கல்லிலிருந்து இம்மானுவேல் என்ற பெரிய நடுவர் ஒருவரை அப்சர்வராக அனுப்பியிருந்தார்கள். அவர் பரிந்துரைத்தால் பட்டியலில் பெயர் வரும், வெளியூர் வெளிமாநிலம் என்று விசில் ஊதப் போகலாம். ஒரு வயதுக்கு மேல் புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள். வைகுண்டராஜுக்கு அதுதான் கடைசி வருடம். அவர் பல வருடமாக இதற்காகத் தவம் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

எனக்கு அந்த ஆசை கிடையாது. கடையை விட்டுவிட்டு நான் எங்கே போவது? அதனால் என்னிடம் மனம் திறந்து பேசினார்.

"பாய், இந்தத் தடவ விட்டா நமக்கு வயசு தாண்டிரும். ஒரே ஒரு உதவி. மீட்டிங்க மட்டும் எங்கிட்ட விட்ருங்க. நடுவுல எதுவும் சொல்லிராதீக. ஆட்டத்த எவன் வேணாலும் நடத்திருவான். அப்சர்வரு நம்ம மீட்டிங்க ஒருதடவ பாத்தாருன்னா, அசந்துருவாரு."

"அசர மாட்டாரு, தூங்கிருவாரு" என்றேன்.

"உங்களுக்கு எப்பயும் கேலிதான் பாய்" என்று சிரித்தார். எதைச் சொன்னாலும் தைக்காத ஒரு தோல் அவருக்கு. அதை நான் பொறுமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆடுகிற அணிகள் ஜெயமங்கலமும் சின்னமனூரும். ஜெயமங்கலத்துக்கு மஞ்சள் பனியன், கேப்டன் ஓவியா. குட்டையான பிள்ளை, ஆனால் குதித்தால் எங்கிருந்து அவ்வளவு உயரம் வருகிறது என்று தெரியாது. சின்னமனூருக்கு நீலம், கேப்டன் சுபாஸ்ரீ. நெட்டையான பெண், ஆட்டத்தில் கொஞ்சம் முரடு. லீக் ஆட்டத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு, சுபாஸ்ரீயின் நகம் பட்டு ஓவியாவின் கன்னத்தில் இன்னும் கோடு இருந்தது. ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை. இந்த மாதிரி சமயத்தில்தான் நடுவர் கூப்பிட்டு நான்கு நல்ல வார்த்தை பேசி ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

சிறப்பு விருந்தினர் தங்கப்பாண்டியன், போடியில் ஏலக்காய் வியாபாரி. கமிட்டி அவருக்கு ஏலக்காய் மாலை வாங்கி வைத்திருந்தது. ஏலக்காய் வியாபாரிக்கு ஏலக்காய் மாலை போட வேண்டும் என்று எந்த மேதைக்குத் தோன்றியதோ தெரியவில்லை. வழக்கமாக மாலையை மேடையில் போட்டு முடித்துவிடுவார்கள். வைகுண்டராஜ் கமிட்டியைப் பிடித்து, மாலையை நடு வட்டத்தில், தம்முடைய கூட்டத்தில்தான் போட வேண்டும் என்று சாதித்துவிட்டார். அதுவும் இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போட வேண்டுமாம். ஒற்றுமைக்கு அடையாளமாம்.

இம்மானுவேல் சார் ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். வைகுண்டராஜ் நின்ற கோணத்தைப் பார்த்தாலே தெரியும், கேப்டன்களுக்காக நிற்கவில்லை. அந்த நாற்காலிக்காக நிற்கிறார். மைக்கை வாங்கினார். விருந்தினரின் பெயரைச் சொல்லி, அவர் வகிக்கிற பதவிகள், நடத்துகிற அறக்கட்டளை, கட்டிக்கொடுத்த சமுதாயக்கூடம், அவருடைய தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். துண்டுச்சீட்டு எதுவும் கையில் இல்லை. முந்தின ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருப்பார். பிறகு டாஸ். விருந்தினர் சுண்டினார், நாணயம் உருண்டு ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

"மஞ்சக் கேப்டன், நீலக் கேப்டன், ரெண்டு பேரும் மாலையப் புடிங்க" என்றார். பிடித்தார்கள்.

போட்டோக்காரர் இன்னும் மேலே தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். மாலை தொங்குகிறது, விரித்துப் பிடித்தால்தான் படத்தில் தெரியும் என்றார். சுபாஸ்ரீ ஒரு பக்கம் இழுத்தாள். ஓவியா விட்டுக்கொடுப்பாளா? அவள் ஒரு பக்கம் இழுத்தாள். இருவருக்கும் நடுவில் வைகுண்டராஜ் பல்லெல்லாம் தெரிய நின்றார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். நூல் அறுந்தது.

ஏலக்காய் மாலை அறுந்து பார்த்திருக்கிறீர்களா? பூமாலை மாதிரி பொத்தென்று விழாது. சடசடவென்று கொட்டி, நாலா பக்கமும் சிதறி ஓடும். வழவழவென்று பெயிண்ட் அடித்த சிமெண்டுத் தரை. நடு வட்டத்திலிருந்து இரண்டு பக்கக் கோடுவரை பச்சைப் பச்சையாகக் கிடந்தது. தங்கப்பாண்டியன் குனிந்து ஒரு காயை எடுத்து, வியாபாரி கணக்காக விரலில் உருட்டி அதன் பருமனைப் பார்த்தார்.

"ஏழு மில்லி சரக்குதானப்பா இது. எட்டு மில்லி கெடைக்கலையாக்கும்" என்று கமிட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேடைக்குப் போய்விட்டார். அன்று அந்த வட்டத்தில் உருப்படியாகப் பேசப்பட்ட முதல் வார்த்தை அதுதான்.

வைகுண்டராஜ் அசரவில்லை. "மணக்க மணக்கத் தொடங்குகிறது இந்த இறுதி ஆட்டம்!" என்று மைக்கில் முழங்கினார். மைதானமே கைதட்டியது. ஷூவின் ஓரத்தால் தம் காலடியில் கிடந்த காய்களை மட்டும் தள்ளிவிட்டு, ஒழுக்கத்திலிருந்து தொடங்கினார். செல்போன், பெற்றோர், வெற்றி தோல்வி எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியாக, "ஆட்டத்தில் என்னிடம் கேப்டன் மட்டுமே பேச வேண்டும். வேறு எவர் வாய் திறந்தாலும் டெக்னிக்கல் ஃபவுல்" என்று விரலை ஆட்டினார். இதற்குள் ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

ஓவியா தன் ஷூவை ஒரு காயின் மேல் வைத்து லேசாகத் தேய்த்துப் பார்த்தாள். கால் சறுக்கிக்கொண்டு போனது.

"சார், ஏலக்காயப் பெருக்கிட்டு ஆரம்பிக்கலாம் சார்" என்றாள்.

"மீட்டிங்ல நான் பேசும்போது நீங்க கேக்கணும்மா" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நான் பக்கத்தில் போனேன். "வைகுண்டம், அந்தப் புள்ள சொல்றது சரிதான். கால வாரி விட்ரும். பெருக்கச் சொல்லுவோம்."

"பாய், ஏற்கனவே லேட்டு. அப்சர்வரு வாட்சப் பாக்குறாரு. இன்னும் லேட்டாச்சுன்னா எம்மேலதான் வரும். சின்னக் காயி, ஓடுற ஓட்டத்துல நசுங்கிப் போயிரும்" என்றார் காதோரமாக.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரத்தையெல்லாம் பேசியே தின்றவர், ஒரு பிள்ளையின் முழங்காலைக் காப்பாற்றுகிற வேலைக்கு மட்டும் நேரம் இல்லை என்கிறார். முழங்கால் போனால் ஒரு ஆட்டக்காரிக்கு எல்லாம் போய்விடும், இது அவருக்குத் தெரியாததா? தெரியும். பட்டியலில் பெயர் வருவது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பந்தை எடுத்துக்கொண்டு விசில் ஊதினார். குதிக்க வேண்டியவர்கள் கேப்டன்கள் இருவரும்தான். சுபாஸ்ரீ வந்து நின்றாள். ஓவியா வட்டத்துக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"தரையச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க சார். வாரேன்."

"எங்கிட்ட எதுத்துப் பேசுறியா?"

"எதுத்துப் பேசல சார். நீங்கதான சொன்னீக, கேப்டன் மட்டும் பேசலாம்னு. நான் கேப்டன். பந்து உங்க கையில நிக்கிது. மரியாதையாத்தான் கேக்குறேன்."

எழுத்துப் பிசகாமல் விதி அதுதான். எங்கள் வட்டாரத்தில் நடுவர் சொன்னதைக் கேட்டு, அதை நம்பி, அதன்படி நடந்த முதல் கேப்டன் அவளாகத்தான் இருப்பாள். வைகுண்டராஜ் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார். கண்டிப்பானவர் என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையையும் T மாதிரி வைத்து ஊதினார். டெக்னிக்கல் ஃபவுல். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, தரை வழுக்குகிறது என்று சொன்ன குற்றத்துக்கு.

தண்டனையாக எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கூடையில் எறிகிற வாய்ப்பு. எறிய சுபாஸ்ரீ போனாள். இறுதி ஆட்டம், ஓசியில் வருகிற ஒரு புள்ளி, அதுவும் நகத்தால் கீறிக்கொண்ட எதிரியின் தலையில் ஏறி வருகிற புள்ளி. யார் விடுவார்கள்? வைகுண்டராஜ் பந்தைக் கையில் கொடுத்தார். அவள் கூடையைப் பார்த்தாள். திரும்பி ஓவியாவைப் பார்த்தாள். பந்தைத் தரையில் மெதுவாக வைத்தாள். நடந்து நடு வட்டத்துக்கு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏலக்காயைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

வைகுண்டராஜ் என்ன செய்தார் தெரியுமா? கையை ஆட்டி, எறிவதற்கு விதிப்படி உள்ள ஐந்து விநாடியை எண்ணினார். எண்ணி முடித்து, எறியவில்லை என்று விசில் ஊதினார். அந்த விசிலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓவியா வந்து சுபாஸ்ரீக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒருத்தி துண்டை விரித்தாள், இன்னொருத்தி அதில் போட்டாள். பிறகு மஞ்சளும் நீலமுமாக எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நானும் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு முட்டி போட்டேன். என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் இம்மானுவேல் சார். தொப்பியைக் கழற்றி மல்லாத்தி வைத்துக்கொண்டு, அதில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். குனிந்து நாலு காயைப் பொறுக்கியிருந்தால்கூட அன்றைக்குத் தப்பித்திருப்பார். அவருக்கு அது தோன்றவில்லை. மைக்கைத் தேடிப் போனார்.

"நடுவர்களின் அறிவுறுத்தலின்படி மைதானம் தற்போது சுத்தம் செய்யப்படுகிறது. பொதுமக்கள் ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையில் ஏலக்காய் இருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை.

பிறகு ஆட்டம் நடந்தது, நன்றாகவே நடந்தது. ஆட்டத்தில் அவர் விசிலைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓடினார், சரியாக நின்றார், தள்ளுமுள்ளு எதுவும் இல்லை. தள்ளுமுள்ளு இல்லாததற்குக் காரணம் அவர் இல்லை. சேர்ந்து பொறுக்கிய பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் ஒருவரையொருவர் கீறத் தோன்றவில்லை. சின்னமனூர் ஜெயித்தது. ஓவியா போய் சுபாஸ்ரீயின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு வந்தாள். அது வாழ்த்து.

பரிசு கொடுக்கும் முன்பு இம்மானுவேல் சார் எங்கள் இருவரையும், கேப்டன்கள் இருவரையும் கூடைக் கம்பத்துப் பக்கம் கூப்பிட்டார். வைகுண்டராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நல்ல சேதிதான் என்று அவர் நிச்சயமாக நம்பினார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது.

"ஆட்டத்துல ஒண்ணும் குறை இல்ல சார்" என்றார் இம்மானுவேல். "நல்லாப் பண்ணுனீங்க. மீட்டிங் பத்தித்தான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார், கேளுங்க" என்றார் வைகுண்டராஜ். இதற்காகத்தானே காத்திருந்தார்.

"இந்த ரெண்டு கேப்டனுக்கும் பேரு என்ன?"

வைகுண்டராஜ் ஓவியாவைப் பார்த்தார். சுபாஸ்ரீயைப் பார்த்தார். இருவர் பனியனிலும் எண் மட்டும்தான் இருந்தது.

"இது ஜெயமங்கலம் கேப்டன் சார். நாலாம் நம்பர். இது சின்னமனூரு..."

"ஊரு சரி சார். பேரு?"

அவர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

"சரி, சீஃப் கெஸ்ட் பேரு என்ன சார்?" என்று கேட்டார் இம்மானுவேல், அதே சாந்தமான குரலில்.

வைகுண்டராஜ் முகம் மலர்ந்துவிட்டது. தெரிந்த கேள்வி வந்த பள்ளிக்கூடப் பிள்ளைபோல, தங்கப்பாண்டியன் பெயரில் தொடங்கி, பதவி, அறக்கட்டளை, சமுதாயக்கூடம், தகப்பனார் பெயர் என்று அத்தனையும் ஒப்பித்தார். முடிவில் லேசாகச் சிரிக்கவும் செய்தார். சுபாஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஓவியா சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைதான் அப்போது அவரைச் சுட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் இம்மானுவேல் சாரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார்" என்று கை கொடுத்துவிட்டு இம்மானுவேல் போய்விட்டார்.

பட்டியல் வெளியானபோது அதில் வைகுண்டராஜ் பெயர் இல்லை. சேதி தெரிந்த அன்றே என் கடைக்கு வந்தார். ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மனுஷன் அழுதிருக்கிறார். இத்தனை வருடம் அதற்காகவே இருந்த ஆள். இனிமேல் அந்தக் கதவு திறக்காது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"கேப்டன் பேரக் கேக்கணும்னு ரூல் புக்குல எங்கன போட்டுருக்கு பாய்? காட்டுங்க பாப்போம்" என்றார்.

சொல்ல வந்த ஆறுதலை விழுங்கிக்கொண்டேன். "எங்கனயும் போடல" என்றேன்.

"பாத்தீகளா! நானும் அதைத்தான சொல்றேன். மீட்டிங்ல ஒரு குறை உண்டா? எவ்ளோ கிராண்டா இருந்துச்சு! ஊரே கைதட்டுச்சு. எல்லாம் அந்த மஞ்சப் பனியன் புள்ளயால வந்தது. என் வாழ்க்கையவே கெடுத்துப்புட்டா."

நான் காயிலைக் கீழே வைத்தேன். "அந்தப் புள்ளைக்கு ஒரு பேரு இருக்கு வைகுண்டம். ஓவியா."

அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"எந்த ஓவியா?" என்றார்.